சீட்டில் விழுந்த தண்ணீர்

பழவேற்காட்டில் அப்துல் ஹையின் தையல் கடையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் நான்கு பேர் கூடுவோம். எழுதி வந்ததை வாசிக்க வேண்டும். வெறுங்கையோடு வருகிறவர் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். பதினோரு வாரமாக டீ வாங்குகிறவர் தேசப்பன்.

கோட்டைக்குப்பத்து மீனவர், வயது ஐம்பத்தெட்டு. பள்ளிக்கூட நாட்களில் கவிதை எழுதியவர். கல்யாணம், ஏரி, மூன்று பிள்ளைகள் என்று முப்பத்தைந்து வருஷம் பேனாவைத் தொடவில்லை. அவரை மறுபடி இழுத்து வந்தது, அன்று ஒரே பெஞ்சில் படித்த ஹைதான்.

அந்த வெள்ளிக்கிழமை அவருக்குப் பாடு. ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊரில் சீட்டுப் போட்டு வைத்திருப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். விடியுமுன் போனவர், ஈரம் காயாத லுங்கியோடு நேரே கடைக்கு வந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

“இதான் கடைசி, ஹை. இனிமே நான் வர்ல. இந்தக் கை வலை இழுக்கத்தான் லாயக்கு.”

“டீ வாங்க பயந்துக்கினு ஓடறான் பாரு,” என்றார் ஹை.

எங்களில் கதை எழுதுகிற சுராயா டீச்சர் சிரிக்கவில்லை. “நீங்க எழுத வேணாம்ண்ணே. இன்னிக்கு ஏரில இன்னா நடந்துச்சோ அத சொல்லுங்க. ஹை அண்ணன் எழுதிக்குவாரு.”

தேசப்பன் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். வலை முழுக்கப் பாசி. இறால் அரைக்கூடைகூடத் தேறவில்லை. நடுவில் பேச்சு நின்றபோது தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன்.

அளவு குறிக்கும் நோட்டில் எழுதியதை ஹை சத்தமாக வாசித்தார்: “என் இடத்தில் என் வலை. வந்தது பாசி.”

தேசப்பன் கண்ணைத் திறந்தார். “யாரு எடம்?”

“உன் எடந்தான்யா. நீதானே வலை போட்ட?”

“யோவ், ஏரில யாருக்குய்யா சொந்த எடம்? சீட்ல விழுந்தது அது. இன்னிக்கு எனக்கு, அப்பால கருப்பனுக்கு. எங்க ஊர்ல இதப் படிச்சா என்னைக் கூட்டத்துல நிக்க வெச்சிருவாங்க.”

“அப்ப மாத்து.”

“குடு இப்டி.”

நோட்டைப் பிடுங்கி, தையல் மெஷின் பலகையில் வைத்து, ஹையின் வரியை அடித்தார். விரல்கள் வீங்கியிருந்தன, பென்சில் இரண்டு முறை நழுவியது. ஜாக்கெட் வாங்க வந்த ஒரு அம்மாளை டீச்சர் கைகாட்டி வாசலிலேயே நிற்க வைத்தார். அரை மணி நேரத்தில் மூன்று வரி.

இன்று எனக்கு விழுந்த தண்ணீர்
நாளை மறுநாள் கருப்பனுக்கு.
பாசி மட்டும் என்னுடையது.

வாசித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். வந்தபோது இருந்ததைவிட முகம் சோர்ந்திருந்தது. மஃரிபுக்கு நேரமாகிறதென்று ஹை எழுந்து சாவியைத் தேடினார்.

“தொழுதுட்டு வா. கடைய சாத்தாத, ஹை,” என்றார் தேசப்பன். “இன்னும் ஒரு வரி இருக்குது.”