நாற்காலியின் மேல் ஒரு கை

நகைப்பவர் நகைக்கட்டும். இது என் கழுத்துக்கு நேர்ந்தது, கற்பனையன்று.

அப்போது என் மனைவி மாற்றலாகி, வேறோர் ஊரில் ஓர் அறையில் தனியே தங்கியிருந்தாள். நாள்தோறும் மாலை ஏழு மணி பத்து நிமிடத்திற்குக் கணினியில் முகம் பார்த்துப் பேசுவோம். அவளுடைய கேமரா பழுதாயிற்று. வாரண்டி முடிய ஒன்பது நாள் எஞ்சியிருந்தமையால், சேவை மையத்தில் மாற்றுக் கேமரா கொடுத்தார்கள். அது புதியதன்று, எவரோ திருப்பித் தந்ததைச் சரிபார்த்துக் கொடுப்பதுதான் அவர்கள் வழக்கமாம்.

முதல் நாளே கண்டேன். அவள் அமர்ந்திருந்த நாற்காலியின் முதுகில் ஓர் ஆணின் கை. மணிக்கட்டுவரை மட்டுமே தெரிந்தது. விரலில் சிவப்புக் கல் மோதிரம்.

"யாரு அது?"

"எது?"

"நாற்காலியில கை வச்சிருக்கறவன்."

அவள் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நாற்காலி சுவர ஒட்டி இருக்குங்க. நடுவுல பல்லி போனாலே பெரிசு."

சுவரை நானும் பார்த்தேன். கையையும் பார்த்தேன். மறுநாளும் அதே கை... சற்று நகர்ந்து, அவள் தோளருகே. அவள் சிரிக்கும்போதெல்லாம் அவ்விரல்கள் தாளமிட்டன. டக்... டக்... மூன்று நாள் எனக்கு உணவு இறங்கவில்லை.

நான்காம் நாள் கேட்கக் கூடாததைக் கேட்டேன். அவள் அழவில்லை.

"என் கேமரா உங்களுக்கு, உங்களோடது எனக்கு. மாத்திப் பாப்போம். அப்புறமும் எம் பின்னாடி கை தெரிஞ்சா, நீங்க இங்க வரவே வேணாம்."

கூரியரில் மாற்றிக்கொண்டோம். ஏழு பத்துக்கு இணைத்தேன். அவள் பின்னால் வெறும் சுவர்.

"என்னங்க... உங்க பின்னாடி யாரு?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: எனக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று. பழுது கேமராவில்தான், அவளிடம் இல்லை!

"சிவப்புக் கல் மோதிரமா? நாற்காலியிலதானே?"

"நாற்காலியில இல்லங்க..."

டக்.

"உங்க கழுத்துல."

குளிர்ந்தது.

இறுகியது...

கேமராவின் கம்பியைப் பிடுங்கினேன். மணி ஏழு பன்னிரண்டு.

அன்றே பேருந்து ஏறினேன். மறுநாள் அவள் ஊர்ச் சேவை மையத்தில் அந்தக் கேமராவை மேசைமேல் வைத்தேன். அங்கிருந்த பெண் அதன் எண்ணைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"மறுபடியும் இதுவா? முன்னாடி ஒருத்தரும் இதையேதான் சொன்னாரு சார். சம்சாரத்தோட நாற்காலியில ஏதோ கைன்னு. இதக் கொடுத்துட்டு, வேற கேட்டு எழுதிக் கொடுத்துட்டுப் போனாரு."

"அவரு இப்ப எங்கே?"

"தெரியல சார். மாத்துக் கேமராவ வாங்க அவரு வரல. அவரு சம்சாரந்தான் வந்தாங்க..."

அவள் தன் மோதிர விரலைத் தொட்டுக் காட்டினாள்.

"கூட ஒருத்தர் வந்தாரு. இங்க, சிவப்புக் கல்லு."