உற்சாக டின்

வெறும் டின்னுக்குள் முதல் பிடி அரிசி விழும் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. தகரத்தில் மழை பிடிப்பதுபோலச் சடசடவென்று ஒரு கணம் கேட்டுவிட்டு அடங்கிவிடும்; இரண்டாம் பிடியிலிருந்து சத்தமே இருக்காது, ஏனென்றால் அரிசியின் மேல்தான் அரிசி விழும். கண்டி மஹய்யாவையில் சுவரோடு சுவர் ஒட்டியிருந்த எங்கள் இரண்டறை வீட்டில், அம்மா "சுண்டு" என்கிற குவளையால் அரிசியை அளந்து சுளகில் கொட்டியதும், உலையில் போடுவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடியை அள்ளிப் பழைய பால்மா டின் ஒன்றில் போடுவார். அது ஆண்டவருக்கு. மாதத்தின் கடைசி ஞாயிறன்று ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையும் தன் வீட்டு டின்னைச் சேர்ச்சுக்குத் தூக்கிப்போய், பீடத்துக்கு முன்னால் வைத்திருக்கும் பெரிய அலுமினியப் பேசினில் எல்லோரும் பார்க்கக் கொட்டி, "உற்சாகக் காணிக்கை" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மனம் விரும்பி, மகிழ்ந்து கொடுப்பது என்று அதற்குப் பொருளென்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. டின்னின் பெயரே அதுதான் என்று நினைத்து "உற்சாக டின்" என்பேன். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு அந்த டின்னைக் கண்டாலே ஆகாது. நான் சோற்றுப் பிரியை. என் வயிற்றுக்குப் போக வேண்டிய பிடி கண் முன்னாலேயே டின்னுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அளவுக்குப் பக்தி எனக்கு இருக்கவில்லை.

பேசினில் சேரும் அரிசியைப் பாஸ்டர் பையில் கட்டி, ஏதாவதொரு மாலையில் குடை பிடித்துக்கொண்டு, கஷ்டப்படும் ஒரு வீட்டுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுப்பார். எந்த வீடென்று யாரும் கேட்பதில்லை. அவர் மனைவி, நாங்கள் பாஸ்டரம்மா என்று கூப்பிடுகிறவர், அவருக்குக்கூடத் தெரியாதென்பார்கள். ஆனால் பாஸ்டர் மறைத்ததை அரிசி காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வீட்டில் சம்பா, இன்னொரு வீட்டில் நாட்டரிசி, அடுத்த வீட்டில் சிவப்புப் பச்சை. எல்லாம் ஒரே பேசினில் விழுந்து கலந்த பிறகு யாரால் பிரிக்க முடியும்? அதைச் சமைத்தால் சம்பா குழைந்துவிடும், சிவப்பரிசி வேகாமல் பல்லில் கடிபடும். சோற்றுப் பெட்டியைத் திறந்ததுமே வெள்ளையும் சிவப்புமாகத் தெரிந்துவிடும். எங்கள் ஞாயிறு பாடசாலையில் அதற்குப் பெயர் "கலப்பரிசி". என்னோடு படித்த ஜெயந்தியின் பெட்டியில் அதை முதலில் கண்டுபிடித்து, "கலப்பரிசிக்காரி" என்று பெயர் வைத்தது நான்தான். மற்றவர்கள் சிரித்தபோது பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை வேறு.

எனக்குப் பத்து வயதான அந்த மழைக்காலத்தில் அப்பாவின் கால் முறிந்தது. அவர் அக்குறணையில் ஒரு கடையில் லொறியில் மூட்டை ஏற்றும் வேலை செய்துகொண்டிருந்தார். தோளில் மூட்டையோடு ஈரப் பலகையில் வழுக்கி விழுந்தவர், காலில் பெரிய மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தார். நாட்கூலிக்காரர் படுத்துவிட்டால் வீடும் படுத்துவிடும். அம்மா இரண்டு வீடுகளில் உடுப்புத் துவைக்கப் போனார். நாளுக்கு இரண்டு சுண்டு அரிசி ஒன்றானது. அந்த ஒன்றிலிருந்தும் ஒரு பிடி டின்னுக்குப் போனபோது எனக்கு அழுகையே வந்தது.

அந்த மாத டின்னைக் கொட்டிவிட்டு வந்த ஞாயிறு மாலையில் பாஸ்டர் குடையோடு எங்கள் வாசலில் நின்றார். பையைக் கதிரையில் வைத்தார், அப்பாவின் கால் எப்படியிருக்கிறதென்று கேட்டார், ஜெபம் செய்தார், போய்விட்டார். அப்பா அந்தப் பையின் பக்கம் திரும்பவே இல்லை. நான்தான் முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே வெள்ளையும் சிவப்பும்.

மறுநாள் காலையில் அம்மா அந்த அரிசியில் ஒரு சுண்டு அளந்தார். வழக்கம்போலக் கை ஒரு பிடியை அள்ளியது.

"என்னா செய்யிற?" என்றார் அப்பா, கட்டிலிலிருந்து.

"தெரியலயா? எப்பவும் போடுறதுதான்."

"சேர்ச்சுல குடுத்தத சேர்ச்சுக்கே குடுக்கப் போறியா? ஞாயித்துக்கெழம கொட்டுறப்ப அத்தன பேரும் கலப்பப் பாப்பாங்க. இந்த மாசம் யாரு வீட்டுக்குப் போச்சுன்னு தெரிஞ்சிரும்."

"பாத்தா பாத்துட்டுப் போகட்டும்ங்க."

"அப்படி மட்டும் கொட்டுன, நான் இனி அந்தச் சேர்ச்சுப் படி ஏற மாட்டேன். சொல்லிட்டேன்."

அப்பா கோபத்தில் கத்துகிறவர் இல்லை. மெதுவாகச் சொன்னார், அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவின் கை டின்னுக்கு மேலே கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அந்தச் சடசட சத்தம் கேட்டது.

அதன் பின் வந்த நாட்களில் இருவருக்கும் இடையில் நான்தான் தபால்காரி. "அப்பாவ சாப்பிடச் சொல்லு." "அம்மாகிட்ட தண்ணி கேளு." டின் மட்டும் நாளுக்கொரு பிடியாக ஏறிக்கொண்டே போனது. ஊரே தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் எல்லோர் முன்னாலும் அரிசி களைய முடியாமல் அம்மா வீட்டுக்குள்ளேயே களைந்தார். என் சோற்றுப் பெட்டியை நான் திறக்காமலே பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஜெயந்திக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். கொஞ்சம் பிந்தித்தான்.

கடைசிச் சனிக்கிழமை பின்னேரம், அம்மா வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, டின்னைச் சுளகில் கவிழ்த்துச் சிவப்பரிசியைப் பொறுக்கத் தொடங்கினேன். அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். சிறிது நேரத்தில் கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டு சுளகைத் தன் பக்கம் இழுத்தது. இருவரும் சேர்ந்து பொறுக்கினோம். பாதிகூட முடியவில்லை, அம்மா வாசலில் நிற்கிறார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் இரண்டு குவியலையும் சேர்த்து அள்ளி டின்னில் போட்டு, மூடியை அழுத்தி, நன்றாகக் குலுக்கினார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை சேர்ச்சுக்கு ஏறும் சீமெந்துப் படிகள் ஈரமாக இருந்தன. என்னிடம் ஒரு திட்டம் இருந்தது: நடுப்படியில் வழுக்குவதுபோல விழுந்து டின்னைப் படியோரச் சாக்கடைக் கானுக்குள் விட்டுவிடுவது. அப்பா சேர்ச்சுக்கு வருவதும் வராமல் போவதும் என் கையில்தான் இருக்கிறதென்று நினைத்துக்கொண்டு ஏறினேன். நடுப்படிக்கு வந்ததும் அம்மா என் தோளைப் பிடித்தார்.

"டின்ன இங்க குடு."

"புள்ளைங்கதானேம்மா கொண்டு போகணும்?"

"இன்னைக்கு நான் கொண்டு போறேன்." இரண்டு படி ஏறிவிட்டு நின்று சொன்னார்: "அந்தப் பைய வாங்குனப்ப கூனிப் போயிட்டேன் புள்ள. அதுல ஒரு பிடி அள்ளிப் போட்டப்புறந்தான் நிமிர முடிஞ்சிச்சு. அத உங்கப்பாகிட்ட எனக்குச் சொல்லத் தெரியல."

பிள்ளைகளின் வரிசையில் அம்மா மட்டும் பெரியவராக நின்றார். பேச்சுச் சத்தம் குறைந்தது. முறை வந்ததும் மூடியைத் திறந்து, அவசரப்படாமல் கொட்டினார். முன்னால் கொட்டியிருந்த வெள்ளைச் சம்பாவின் மேல் எங்கள் கலப்பு குவிந்தது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரின் காதில் ஏதோ சொன்னார். "உற்சாகக் காணிக்கை" என்றார் அம்மா. முகம் சிரித்தது. அது வீம்புக்குச் சிரித்த சிரிப்பில்லை. அப்பா விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பின்னால் ஜெயந்தி தன் டின்னோடு நின்றாள். அவள் பழிவாங்குவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என்னைத் தாண்டிப் போய்த் தன் டின்னைக் கொட்டினாள்.

அப்பா சொன்னபடியே செய்தார். பாஸ்டர் பார்க்க வந்தபோதும் தூங்குவதுபோலக் கிடந்தார்.

அடுத்த மாதக் கடைசி ஞாயிறு. முதலில் கொட்டியது பாஸ்டரம்மாவின் மகன். வெள்ளையும் சிவப்பும் கலந்து விழுந்தது. பாஸ்டர் வீட்டில் சம்பா தவிர வேறு அரிசி கிடையாதென்பது ஊருக்கே தெரியும். அடுத்தது ஜெயந்தி, கலப்பு. அதற்கடுத்தது, போன மாதம் காதில் பேசினாரே, அவருடைய பேத்தி. அவள் டின்னிலும், அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் டின்னிலும் கலப்பு. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பாஸ்டரம்மா மட்டும் பாட்டுப் புத்தகத்தில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

நான் படிகளில் ஓடி வந்து அப்பாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். "அப்பா, பாஸ்டரம்மா டின்லயும் கலப்பு!"

"பொய் சொல்லாத."

"சத்தியமா. எல்லாரு டின்லயும்."

அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அம்மாவைப் பார்த்து, தபால்காரி இல்லாமல் நேராகவே சொன்னார்: "அந்த உற்சாக டின்ன இங்க கொண்டா." அன்றைய சோற்றுக்கு அளந்த அரிசியிலிருந்து மூட்டை தூக்கும் அந்தப் பெரிய கையால் ஒரு பிடி அள்ளிப் போட்டார். வெறும் டின் சடசடத்தது. நத்தாருக்கு, கிறிஸ்மஸ் ஆராதனைக்கு, ஊன்றுகோலோடு சேர்ச்சுப் படி ஏறினார்.

இப்போது சபையில் ஒரே மாதிரிக் கடைப் பாக்கெட்டுகளைத்தான் வாங்குகிறார்கள். யார் வீட்டு அரிசி என்று யாருக்கும் தெரியாது, அதுவும் நல்லதுதான். புதிய பாஸ்டர், "அக்கா, பாக்கெட்டாவே குடுங்க, கலந்தா ஒழுங்கா வேகாது" என்றார். வேகாதுதான். பேசின் எங்கே போனதென்று தெரியவில்லை. அம்மாவும் அப்பாவும் இல்லை. டின் மட்டும் என்னிடம் இருக்கிறது. பழக்க தோஷத்தில் கை தினமும், சம்பாவோ சிவப்போ அன்று சமைக்கும் அரிசியில், ஒரு பிடியைப் போட்டுவிடுகிறது. போன வாரம் அது நிறைந்துவிட்டது, கொட்ட இடமில்லை.

மேல் வீட்டுக்கு ஹேவாஹெட்டயிலிருந்து புதிதாக வந்த குடும்பத்தில் கணவர் வேலையில்லாமல் இருக்கிறார். நேற்று மாலை டின் அரிசியைப் பையில் கட்டி, குடை பிடித்துக்கொண்டு நானே போனேன். அந்தப் பெண் பையைத் திறந்து பார்த்துவிட்டு முகம் சுருங்கினாள்.

"என்னாக்கா, ரெண்டும் கலந்து கெடக்கு?"

"எங்க வீட்டுலயும் இதுதாம்மா சாப்பிடுறோம்" என்றேன்.

பொய்யில்லை. குடையை எடுக்கும் முன்பே எங்கள் வீட்டு அரிசியையும் அதேபோலக் கலந்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன்.