நசரத்பேட்டையிலிருந்து பனிக்குப் போன வண்டி

1. தார்ப்பாய்க்குள் இருந்தது

நசரத்பேட்டையில், பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பும் சந்து குறுகலானது. அன்று வந்த டிரெய்லர் அதற்குள் பின்பக்கமாக நுழைவதற்குள் காலைப்பொழுது போய்விட்டது. தார்ப்பாயை அவிழ்த்தார்கள். உள்ளே இருந்ததை எல்லாரும் சுற்றி வந்து பார்த்தோம்.

மூக்கு வளைந்த மர உடம்பு. இரண்டு பக்கமும் கப்பலில் இருப்பது போல வட்ட ஜன்னல்கள். முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு இரும்புச் சறுக்குக் கட்டைகள். பின்னால் இரண்டு பக்கமும் அகல அகலமான ட்ராக், அதாவது டாங்குக்கும் புல்டோசருக்கும் இருப்பது போன்ற சங்கிலிப் பட்டை. ஆனால் இது ரப்பர். பாதி மக்கிப்போயிருந்தது. உள்ளே வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா அமலா இது? வண்டியா, படகா?" என்றார் மோசஸ் அண்ணன்.

மோசஸ் அண்ணனும் நானும் ஆவடியில் டாங்க் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நான் ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர். சர்வீஸ் முழுக்க ட்ராக் பூட்டும் பிரிவில்தான் இருந்தேன். அவர் டெஸ்ட் டிரைவர். நாங்கள் பூட்டி அனுப்பும் டாங்கை மேட்டிலும் பள்ளத்திலும் விட்டு ஓட்டிப் பார்ப்பார். ஓய்வுக்குப் பிறகு சேக்காட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் கார்த்தியின் ஒர்க்‌ஷாப்பில் இருவரும் சேர்ந்திருந்தோம்.

வண்டியின் சொந்தக்காரர் நேகி, இமாசலத்தில் ஒரு மலையோரத்தில் தங்கும் விடுதி நடத்துகிறவர். டிரெய்லருக்குப் பின்னாலேயே அவரும் வந்திறங்கினார். தொழிற்சாலையில் வடக்கத்தி அதிகாரிகளோடு பேசிப் பேசி எனக்கு இந்தி பழகியிருந்தது. அதனால் அவரிடம் நான்தான் பேசினேன்.

"கனடாவில் செய்தது. எங்க அப்பா காலத்துல பனிச்சறுக்கு விளையாட வர்றவங்களுக்காக வாங்கினாங்க. அப்பா போன பிறகு கொட்டகையில போட்டுட்டோம்" என்றார். "எங்க பக்கத்து மெக்கானிக் எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க. ட்ராக் வண்டின்னா ஆவடி ஆட்களைப் பிடின்னு ஒரு ராணுவக்காரர் சொன்னார்."

"புதுசா ஒண்ணு வாங்கலாமே சார்?" என்று கார்த்தி கேட்டதை அவரிடம் இந்தியில் சொன்னேன்.

"புதுசா வர்ற பனி ஸ்கூட்டர்ல ரெண்டு பேர் உட்காரலாம். இதுல ஒரு ஆளைப் படுக்க வைக்கலாம். எங்க விடுதிக்கு மேலே ஒரு ஊர் இருக்கு. பனி விழுந்தா அவங்களுக்கு ரோடு கிடையாது."

கார்த்தி வேலைச் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தான்.

2. ரப்பரும் மீன் ஐஸும்

எஞ்சின் எங்களை அதிகம் சோதிக்கவில்லை. பழைய ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பிஸ்டன் ரிங்கும் கார்புரேட்டரும் பார்த்தோம், ஒயரிங் முழுக்க மாற்றினோம். உடம்பை மரவேலைக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். பிளைவுட்டை அந்தக் காலத்தில் இப்படி வளைத்திருக்கிறார்களே என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தலைவலி ட்ராக்தான். இரண்டு ரப்பர் பெல்ட்டுகள், அவற்றைக் குறுக்கே இணைக்கும் எஃகுப் பட்டைகள். அவ்வளவுதான். டாங்கின் ட்ராக்கில் ஒரே ஒரு கண்ணியைத் தூக்கினாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும். இந்தப் பட்டையை ஒரு கையில் தூக்கிப் பார்த்தபோது, இதை நம்பியா மனிதர்கள் மலை ஏறினார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கன்வேயர் பெல்ட் விற்கும் கடையில் சரியான அகலத்தில் பெல்ட் கிடைத்தது. நல்ல பெல்ட். வளைத்தேன், இழுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது நம்ம வெயிலில். உறைபனியில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் குளிரை எங்கே போய்த் தேடுவது?

கார்த்திதான் வழி சொன்னான். பூந்தமல்லி பக்கம் மீனையும் கறியையும் உறைய வைக்கும் கிடங்கு ஒன்று இருந்தது. அதன் மேனேஜரைப் பிடித்து, பெல்ட் துண்டு ஒன்றை வஞ்சிர மீன் பெட்டிகளுக்கு நடுவே வைத்துவிட்டு வந்தோம். மறுநாள் போய் எடுத்து அங்கேயே வளைத்தேன். அப்பளம் போல உடைந்தது.

மேனேஜர் பதறிவிட்டார். "என்னம்மா, நல்ல பொருளை வீணாக்கிட்டீங்க!"

"இங்கே உடைஞ்சது நல்லதுக்குத்தான் சார்" என்றேன். உடைந்த துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வேறு வேறு ரப்பர் கலவையில் துண்டுகள் வாங்கி, ஒவ்வொன்றாக அந்தக் கிடங்கில் வைத்துப் பார்த்தோம். வீட்டுக்கு வந்தால் என் புடவையில் மீன் வாடை. கடைசியில் ஒரு துண்டு மட்டும், உறைந்த பிறகும், வளைத்தால் வளைந்தது, விட்டால் நிமிர்ந்தது. அந்த ரகத்தில்தான் இரண்டு பக்க ட்ராக்கும் செய்தோம்.

3. ஏரியில் ஓட்டம்

பனி இல்லாத ஊரில் பனி வண்டியை எங்கே ஓட்டிப் பார்ப்பது? மோசஸ் அண்ணன் யோசித்துச் சொன்னார்: "மழ நின்னதும் ஏரிக்கு எட்த்துகினு போலாம். சேறு ஒண்ணுதான் நம்ம ஊர் பனி."

ஐப்பசி மழை விட்டபின் மதகு உடைந்து தண்ணீர் வடிந்துபோன ஏரிக்கு வண்டியைக் கொண்டுபோனோம். ஓரத்தில் டிராக்டர் ஒன்று பின்சக்கரம் முழுக்கப் புதைந்து நின்றது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் அதைக் காட்டி, "அதுக்கே இந்தக் கதி. மரப்பெட்டிய எங்க ஏத்தறீங்க?" என்றார்.

"சும்மா பாரு நைனா" என்று சொல்லிவிட்டு மோசஸ் அண்ணன் ஸ்டார்ட் செய்தார்.

வண்டி டிராக்டரைத் தாண்டிப் போனது. புதையவில்லை. சேற்றின் மேல் தட்டையாக ஒரு தடம் மட்டும் விழுந்தது. நடு ஏரிவரை போய் வட்டமடித்துத் திரும்பி வந்தது. மாட்டுக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் தொழிற்சாலை டாங்க் போனால் தரை அதிரும், போன இடம் உழுதது போல ஆகும். இவ்வளவு பெரிய உடம்பு இப்படி நோகாமல் போவதை நான் அதுவரை பார்த்ததில்லை.

"இப்ப நீ ஓட்டு" என்றார் அண்ணன்.

"நான் எதுக்கு?"

"பூட்டினது நீ. உள்ள குந்திகினா அது இன்னா பேசுதுன்னு உனக்குத் தெரியணும்ல?"

ஓட்டினேன். கிளட்ச் கடினம், ஸ்டீயரிங் தாமதமாகத்தான் கேட்கும். ஆனாலும் அன்று சாயங்காலம் அண்ணன் இறங்கச் சொல்லும்வரை நான் இறங்கவில்லை.

4. மேலே இருந்த ஊர்

வண்டி டிரெய்லரில் முன்னே போனது. மோசஸ் அண்ணனும் நானும் ரயிலிலும் ஜீப்பிலுமாகப் பின்னால் போனோம். பனியில் ஓட்டிக் காட்டி ஒப்படைத்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம்.

எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழிக் காலையில் தலையில் துண்டு கட்டிக்கொள்ள வைப்பது, அவ்வளவுதான். நேகியின் விடுதியில் விடிந்ததும் கதவைத் திறந்தேன். வேலி இல்லை, பாதை இல்லை, பக்கத்துக் கூரை இல்லை. எல்லாவற்றையும் ஒரே வெள்ளை மூடியிருந்தது. சத்தம் என்ற ஒன்றே உலகத்தில் இல்லை. அந்தோணியார் கோயிலில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கும்போது நிற்பது போல என்னை அறியாமல் கைகூப்பி நின்றேன்.

உள்ளே மோசஸ் அண்ணன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். உயரம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "மண்ட பொளக்குதும்மா. கண்ண தொறக்க முடில."

நேகி அவருக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. மேல் ஊரில் பள்ளிக்கூடத்துக்குச் சமைக்கும் சுனிதா என்ற பெண்ணுக்கு முந்தின நாளிலிருந்து வயிற்றுவலி. குடல்வால் வீங்கியிருக்கிறது என்றும், உடனே அறுவை செய்யாவிட்டால் வெடித்துவிடும் என்றும் அங்கிருந்த நர்ஸ் சொன்னார். மேகம் இறங்கியிருந்ததால் ஹெலிகாப்டர் வராது. வழக்கமாக நாலு பேர் கட்டிலில் தூக்கி வருவார்களாம். புதுப்பனியில் தூக்குகிறவர்களே மார்புவரை புதைவார்கள்.

நேகி என்னைப் பார்த்தார். "வண்டியை இன்னும் பனியில் ஓட்டிப் பார்க்கலை. நடுவழியில நின்னா அவளோட சேர்ந்து நாமும் மாட்டிக்குவோம். போகலாம்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க."

"நீங்க ஓட்டுவீங்களா?"

"பாதையோட விளிம்பு எங்கே இருக்குன்னு நான் பார்த்துச் சொல்லணும். ரெண்டையும் ஒருத்தர் செய்ய முடியாது."

நான் மோசஸ் அண்ணனிடம் போனேன். அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டார். "போ. ஏரில ஓட்டினல்ல, அத்தே வண்டிதான். எறங்கறப்போ மட்டும் பிரேக்க தொடாத. எஞ்சினு புடிச்சிக்கும். பின்னால இழுத்துதுன்னா பயந்துகினு கால எடுத்துராத, கொஞ்சம் குடு."

ஸ்டார்ட் செய்தேன். கொஞ்சம் திணறிவிட்டுப் பிடித்துக்கொண்டது. நேகி பக்கத்தில் உட்கார்ந்து, பனிக்கு மேல் துருத்தி நின்ற கம்பங்களைப் பார்த்து "வலது, வலது, நேரா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வண்டி ஏறியது. மரங்களின் நடுக்கிளைகள் ஜன்னல் உயரத்தில் வந்தன. அப்படியென்றால் கீழே எவ்வளவு பனி இருக்கும் என்று நினைத்து ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தேன். நாங்கள் அதன் மேல்தான் போய்க்கொண்டிருந்தோம், தண்ணீரில் தோணி போல.

பாதி ஏற்றத்தில் இடது பக்கம் டக் டக் என்று ஒரு சத்தம். எனக்குத் தெரிந்துவிட்டது. ட்ராக்கைச் சுற்றும் பல்சக்கரத்தில் பனி இறுகி ஐஸாகியிருக்கிறது. விட்டால் ட்ராக் கழன்றுவிடும். நிறுத்தி, மரச்சுத்தியை எடுத்துக்கொண்டு, ஒர்க்‌ஷாப் நினைப்பில் கதவைத் திறந்து இறங்கினேன்.

காலுக்குத் தரை கிடைக்கவில்லை. மார்புவரை உள்ளே போய்விட்டேன்.

நேகி கத்திக்கொண்டே குனிந்து என் தோளைப் பிடித்தார். அந்த நிலையில் எனக்கு எதிரே, என் கண் மட்டத்தில், ட்ராக் தெரிந்தது. நானே பூட்டிய ட்ராக். எஞ்சினோடும் ஆளோடும் அத்தனை கனத்தையும் தாங்கிக்கொண்டு, பனியில் ஒரு சாண்கூட இறங்காமல் நின்றது. ஒற்றை ஆள் நான், என் ஒல்லி உடம்போடு, முக்கால்வாசி புதைந்து கிடந்தேன். கனம் பரவுவது பற்றி வகுப்பில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தேன். பயம்கூட ஒரு கணம் மறந்துபோய், அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அமலா ஜி, கையைக் கொடுங்க!"

இழுத்து மேலே ஏற்றினார். உள்ளே இருந்த பெஞ்சுப் பலகையைக் கழற்றிப் பனியின் மேல் போட்டு, அதில் மண்டியிட்டு ஐஸைத் தட்டி எடுத்தேன். ரப்பரைத் தடவினேன். எங்கும் விரிசல் இல்லை.

மேல் ஊரில் எல்லாரும் வெளியே வந்து காத்திருந்தார்கள். சுனிதாவைப் பாயோடு தூக்கி உள்ளே படுக்க வைத்தார்கள். அவள் கணவன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டான். அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையையே பார்த்தாள்.

இறக்கத்தில் ஒரு வளைவு. ஒரு பக்கம் சரிவு. வண்டியின் பின்பக்கம் மெல்ல அந்தச் சரிவை நோக்கி நழுவ ஆரம்பித்தது. என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. நேகி மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. காலைத் திருப்பி ஆக்சிலேட்டரில் வைத்து, ஸ்டீயரிங்கை மேட்டுப்பக்கம் ஒடித்து, கொஞ்சம் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம். எஃகுப் பட்டைகள் பனியைக் கவ்வுவது என் இருக்கை வழியாகத் தெரிந்தது. வண்டி தன்னை நேராக்கிக்கொண்டு இறங்கியது.

"மாதாவே" என்று தமிழில் சொல்லிவிட்டேன். பின்னால் சுனிதாவின் கணவன் இந்தியில் அதையே வேறொரு பெயரில் சொன்னான்.

5. ஆஸ்பத்திரியில்

கீழே ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. அன்றே அறுவை நடந்தது. குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்ததாக டாக்டர் சொன்னார்.

ஊருக்குத் திரும்பும் முன் மோசஸ் அண்ணனும் நானும் அவளைப் பார்க்கப் போனோம். அண்ணன் தேறியிருந்தார். வழிநெடுக, "ஏரியாண்ட நான் சொல்லல? பூட்டினவங்கதான் ஓட்டணும்னு" என்று பெருமை அடித்துக்கொண்டு வந்தார்.

சுனிதா படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க ஊர்ல இதைவிடப் பனி அதிகமா இருக்கும், இல்லையா? அதனாலதான் இப்படி ஓட்டுறீங்க" என்றாள்.

"எங்க ஊர்ல பனியே விழாதும்மா. நான் முதல் தடவை பார்த்ததே அன்னிக்குக் காலையிலதான்."

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எங்கள் மூவருக்கும்கூட அடக்க முடியவில்லை. நர்ஸ் வந்து அதட்டி வெளியே அனுப்பினாள்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான். உங்களுக்குத் தெரியாத தரையில் உங்கள் வேலை போய் நிற்கப்போகிறது. அந்தத் தரையை நீங்கள் பார்க்காமலே போகலாம். இருந்தாலும், உங்கள் வண்டிக்குள் ஒருவர் படுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்குங்கள்.