நான்கு எலுமிச்சம்பழம்

சுங்காய் அருகே கொட்டும் மழையில் என் கார் சறுக்கி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை உதறும். மாதக்கணக்கில் கார் ஓட்டவில்லை.

பீடோரில் இருந்த தங்கைக்கோ இன்னும் இரண்டு மாதத்தில் பிரசவம். அம்மா இல்லை. அவள் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை. "வலி வந்தா நீதான்க்கா வரணும்" என்று சொல்லி வைத்திருந்தாள். இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படிப் போவது?

அதனால்தான் இணையவழி ஆலோசனையில் சேர்ந்தேன். வாரம் ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் ஆலோசகர் வீடியோவில் வருவார். "போன்ல பேசினா பயம் போய்டுமாக்கும்!" என்று சிரித்தார் என் வீட்டுக்காரர். எனக்கு வந்ததே கோபம்! ஒரு வாரம் கூடத் தவறவிடவில்லை.

முதலில் மூச்சுப் பயிற்சி. அடுத்த வாரம், சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரில் சும்மா உட்கார வேண்டும். அப்புறம் எஞ்சினை மட்டும் போட வேண்டும். நான்காவது வாரம் போனை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன்.

"ஒரே ஒரு அடி முன்னால போங்க, போதும்" என்றார் ஆலோசகர்.

பிரேக்கிலிருந்து மெல்லக் காலை எடுத்தேன். சக்கரத்துக்கு அடியில் 'பச்சக்'.

"ஐயோ! ஏதோ பூனையைக் கொன்னுட்டேன்!"

ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி ஓடினேன். நான்கு சக்கரத்துக்கு அடியிலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. புதுக் காருக்கு வைக்கிற மாதிரி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்துவிட்டு வாசலில் அசடு வழிய நின்றார் வீட்டுக்காரர்.

"சொல்லித் தொலைச்சா என்ன? உசுரே போச்சு!"

"நல்லதுக்குத்தானே வச்சேன்…"

போனில் ஆலோசகர் விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, இப்ப கை நடுங்குதா?"

பார்த்தேன். இரண்டு கையும் இடுப்பில் இருந்தன. "திட்டுற அவசரத்துல மறந்துட்டேன் லா!" என்றேன். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்றே தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் தங்கை கூப்பிட்டாள். "அக்கா, வலி வந்துருச்சு."

வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். ஒரு எலுமிச்சம்பழம்கூட இல்லை. மனுஷன் எல்லாவற்றையும் பிழிந்து குடித்திருக்கிறார். சரிதான் போ என்று சாவியை எடுத்தேன். வழியில் மழை தூறியபோது கை உதறத்தான் செய்தது. மூச்சை எண்ணி எண்ணி விட்டபடியே ஓட்டினேன்.

பீடோரில், பையோடு கேட்டருகே நின்றிருந்தாள் தங்கை. குனிந்து காருக்குள் தேடினாள்.

"மாமா எங்க? யாருக்கா ஓட்டிட்டு வந்தா?"

"நான்தான்டி. ஏறு, போலாம்."