அடிக்கவிடாத பெனால்டி கார்னர்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை காலை, சைதாப்பேட்டை பக்கம் ஒரு மைதானத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ஹாக்கி ஆடுகிறவள். ஆடினவள் என்று சொல்ல வேண்டும். சாந்தோமில் பள்ளிக்கூடம் படித்தபோது பிடித்த மட்டை. கல்லூரி, பெருங்குடியில் வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று எல்லாவற்றுக்கும் நடுவில் விடாமல் ஆடினேன். இதற்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. விடியற்காலையில் பயிற்சி, குளித்துவிட்டு ஓட்டமாக ஆபீஸ் பஸ். "இன்னுமா ஆடுறே?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கடைசியில் முழங்கால்தான் காலை வாரியது. இந்தப் போட்டியோடு நிறுத்திவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் கிளப் அந்தக் கோப்பையை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. என் கடைசி ஆட்டம், அதுவும் இறுதிப் போட்டி. ஜெயித்துவிட்டுத்தான் போவது என்று எனக்கு வெறி.

ஆளுக்கு ஒரு கோல். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. கோலுக்கு நேர் எதிரே நின்று அடிக்கிற வாய்ப்பு. எங்கள் அணியில் அதை அடிப்பது நான்தான். குனிந்து மட்டையைத் தரையில் வைத்தேன். அப்போது மைக் அலறியது. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டாராம், வீராங்கனைகள் எல்லாம் வரிசையில் நிற்க வேண்டுமாம்.

விருந்தினர் ஆட்டக்காரர்களிடம் கைகுலுக்குவது நம் ஊர் வழக்கம். ஆட்டம் தொடங்கும் முன் நடக்க வேண்டிய சடங்கு அது. மனிதர் ஆட்டம் முடிகிற நேரத்தில் வந்தால், அவருக்காக ஆட்டம் நிற்க வேண்டுமா? நடுவர் மேடையைப் பார்த்தார், விசில் ஊதினார். அவரைச் சொல்லி என்ன பயன்? கார் மைதானத்துக்குள்ளேயே வந்தது.

வரிசையில் நின்றோம். விருந்தினர் என் கையைக் குலுக்கி, "எந்த கிளாஸ்மா படிக்கிறே?" என்றார்.

"ரெண்டு புள்ளைங்களுக்கு அம்மா சார்" என்றேன். சிரித்துக்கொண்டே அடுத்த பெண்ணிடம் போய்விட்டார்.

பொன்னாடை, போட்டோ, பிறகு பேச்சு. பெண்கள் விளையாட்டில் முன்னேற வேண்டும் என்று அவர் நிழலில் நின்று முழங்கினார். பெண்கள் நாங்கள் வெயிலில் நின்று கேட்டோம். என் முழங்கால் மரக்கட்டையாக இறுகிப்போனது. பேச்சு முடிந்ததும் ஓடிப்போய் என் இடத்தில் நின்றேன். போட்டியை நடத்தும் செயலாளர் கையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"சாருக்கு வேற ஃபங்ஷன் இருக்கும்மா. ரெண்டு டீமுமே ஜெயிச்சதா சொல்லிடலாம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"சார், எங்க கார்னர் பாக்கி இருக்கு!"

"அதான் கப்பு குடுக்கிறோமே, இன்னும் இன்னா வேணும்?"

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. என்னையே ஏதோ பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். இரண்டு கேப்டன்களும் ஆளுக்கொரு பக்கம் கோப்பையைப் பிடிக்க, போட்டோ எடுத்து முடித்தார்கள். கார் கிளம்பியது. பின்னாலேயே செயலாளரும் கிளம்பினார். ஷாமியானாவைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். நான் ஷூவைக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

எதிர் அணியின் கோல்கீப்பர் என் எதிரே வந்து நின்றாள். அதற்கு முன் அவளிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. கழற்றிய ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, அப்டியே குந்திக்கினு கீறே? வா, வந்து அடி. நான் நிக்கிறேன்."

அவள் அணிப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். எங்களவர்களும் வந்தார்கள். பார்க்க ஆளில்லை, விசில் இல்லை. என் தோழி கோட்டிலிருந்து பந்தைத் தள்ளினாள், இன்னொருத்தி நிறுத்தினாள், இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து அடித்தேன். நல்ல அடிதான். அந்தப் பெண் பாய்ந்து விழுந்து காலால் தடுத்துவிட்டாள்.

விட்டுக்கொடுப்பாள் என்று மனசின் ஒரு மூலையில் எதிர்பார்த்தேனோ என்னவோ. அவள் விட்டுக்கொடுக்கவில்லை. எழுந்து வந்து என்னை இறுகக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவள் தடுத்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமில்லை, அது ஆட்டம். எங்களை ஜெயிக்கவும் விடாமல் தோற்கவும் விடாமல் கோப்பையைப் பங்கு போட்டுக் கொடுத்தவர்கள் மேல் வந்த கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்கிற ஆசையும் எனக்கு இல்லை.