அலுமினியத் தகட்டில் மூன்றாவது ஆள்

நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி. பேய்க்கதை பேசுகிற இடத்திலிருந்து எழுந்து போய்விடுகிற ஆள் நான். எண்பதுகளில் நடந்தது இது, அதுவும் பட்டப்பகலில்.

நானும் ஏழுமலையும் சென்னையில் ஒரே கம்பெனியில் இருந்தோம். சூட்டைப் படமாகக் காட்டும் கேமரா ஒன்று அங்கே புதிதாக வந்திருந்தது. சூடான இடம் வெள்ளையாகவும் குளிர்ந்த இடம் கறுப்பாகவும் தெரியும். நான் அதை இயக்குகிறவன், அவன் எனக்கு உதவி. அவனுக்குச் சொந்த ஊர் பழவேற்காட்டுப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பம். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அண்ணன் போய்விட, இவன் மட்டும் கரை சேர்ந்தவன். அதற்குப் பிறகு தண்ணீர்ப் பக்கமே போகாமல் எங்கள் வேலைக்கு வந்துவிட்டான்.

பழவேற்காட்டில் ஓர் ஐஸ் பேக்டரி. குளிர் எங்கே கசிகிறது என்று பார்க்கப் போனோம். குளிர் அறையின் சுவர் முழுக்கப் பளபளவென்று அலுமினியத் தகடு. அங்கேதான் சிக்கல். அந்த மாதிரித் தகடு தன் சூட்டைக் காட்டாது, எதிரில் நிற்பவனின் சூட்டைக் கண்ணாடி மாதிரித் திருப்பிக் காட்டும். அதனால் அதில் கறுப்பு டேப் ஒட்டி, டேப்பின் சூட்டைத்தான் அளக்க வேண்டும்.

ஏழுமலை டேப் ஒட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். திரையில் எங்கள் இருவர் உருவமும் வெள்ளையாகத் தெரிந்தது. நடுவில் இன்னொருவன், கரிக்கறுப்பாக.

திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை. திரையைப் பார்த்தால் நிற்கிறான், ஒரு தோளைத் தாழ்த்திக்கொண்டு. கேமராவைக் குளிர்விக்க உள்ளே ஊற்றியிருந்த திரவ நைட்ரஜனின் குளிர்தான் தகட்டில் பட்டுத் தெரிகிறது என்று நினைத்து, கேமராவை நகர்த்திப் பார்த்தேன். அவன் நகரவில்லை. தலையை மட்டும் மெதுவாக ஏழுமலை பக்கம் சாய்த்தான்.

ஏழுமலை என் கையைப் பிடித்துக்கொண்டான். "எங்கண்ணன்டா. அவன் அப்பிடித்தான் தோள சாச்சிக்கினு நிப்பான்."

ஓடிப்போய் எங்களோடு வந்திருந்த கம்பெனி இன்ஜினியரைக் கூட்டிவந்தேன். திரையில் ஒன்றுமில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீயும் பார்த்தாயா என்று ஏழுமலையிடம் கேட்டார். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"நான் இன்னா சார் பாத்தேன்? ஒண்ணியும் பாக்கல. இவன்தான் காத்தாலேர்ந்து ஒரு மாதிரியா கீறான்."

புத்தி பேதலித்தவன் கையில் அந்தக் கருவியைக் கொடுக்க முடியாது என்று அந்த வாரமே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் இடத்துக்கு ஏழுமலை வந்தான். என் டிபன் பாக்ஸில் கைவைத்துச் சாப்பிட்டவன். பேயை விடுங்கள், அந்தப் பதில்தான் என்னை வருஷக்கணக்கில் தூங்கவிடவில்லை.

நாலைந்து வருஷம் கழித்து மீஞ்சூர் ஸ்டேஷனில் எதிரே வந்தான். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு, "பாத்தேன்னு சொல்லியிருந்தா எங்கண்ணன் என்கூட வந்திருப்பான்டா" என்றான். பார்த்தேன் என்று சொன்னவன் நான். ரயில் வந்தது. ஏறி, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் பார்த்து, "வர்றேண்ணா" என்றான்.

என்னைவிட ஆறு வயது பெரியவன் அவன். என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் நான் ஒருத்தன்தான் நின்றிருந்தேன்.