எண்பத்து மூன்றாம் பக்கம்

எங்கள் மெர்செதெஸ் ஊரில் நூலகத்துக்குப் போய் ஒரு நாவலைக் கையில் எடுப்பவர்கள் முதல் பக்கத்தைப் புரட்ட மாட்டார்கள். நேரே பின்னட்டைக்குத்தான் போவார்கள். அங்கே ஒட்டிவைத்த காகிதப் பைக்குள் ஏற்கெனவே படித்தவர்கள் எழுதிப்போட்ட சீட்டுகள் இருக்கும். புது எழுத்தாளர்களை ஒருவரும் சீண்டுவதில்லையே என்று நொந்துபோன நூலகர் வால்தெமார், பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தொடங்கிவைத்த பழக்கம் அது. தொடங்கியது என்னவோ அவர்தான், ஆனால் அதில் கொடி நாட்டியவள் சுல்மா.

பேருந்து நிலையத்தில் முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்தவள் சுல்மா. ஒரு பேருந்து போய் அடுத்தது வருவதற்குள் இருபது பக்கம் படித்துவிடுவாள். ஓய்வு பெற்ற பிறகு கேட்கவே வேண்டாம், வாரம் இரண்டு நாவல். கிளாசிக் என்று சொல்லப்படுகிற பழசெல்லாம் அவளுக்கு ஆகாது. "செத்தவங்களப் பத்தி நான் என்ன சொன்னாலும் அவங்க காதுல விழாது. உயிரோட இருக்கிறவன் எழுதினதப் படிச்சாத்தான் திட்டுறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு" என்பாள்.

நன்றாகவே திட்டுவாள். தலைநகரத்து இளைஞர் ஒருவர் கிராமத்தைப் பற்றி எழுதிய நாவலில் அவள் போட்ட சீட்டு: "இவர் மாட்டைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். உச்சிவெயிலில் யார் பால் கறப்பார்கள்?" பாத்திரங்களுக்குப் பெயரே வைக்காத இன்னொரு நாவலில்: "இருநூறு பக்கமும் அவள், அவள் என்றே போகிறது. எந்த அவள்? மொத்தம் நாலு பேர் இருக்கிறார்கள். எழுதியவருக்கே குழப்பமோ என்னவோ." மனதார மெச்சவும் தெரியும். பல வருஷமாகப் பேசிக்கொள்ளாத அண்ணனும் தம்பியும் ஒரே ரொட்டிக்கடை வரிசையில் முன்னும் பின்னுமாக நிற்கிற காட்சி ஒரு புத்தகத்தில் வந்தது. அதற்கு அவள் எழுதியது இவ்வளவுதான்: "நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அடுப்பை அணைத்துவிட்டு மறுபடியும் படித்தேன்." அந்த நாவலுக்கு ஊரில் ஐந்து மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது.

சுல்மாவிடம் ஒரு குறை உண்டு. சமையலறை மேசையில்தான் படிப்பாள். ஒரு கையில் மத்தே என்கிற பச்சை இலைத் தேநீர்க் குடுவை, இன்னொரு கையில் புத்தகம். மழை நாளாக இருந்துவிட்டால் தட்டில் தோர்த்தாவும் சேர்ந்துகொள்ளும். மழை பிடித்தால் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் மாவு பிசைந்து கொழுப்பில் தோர்த்தா பொரிக்காமல் இருக்க மாட்டார்கள். வெயிலில் அதைப் பொரிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. ஆகவே சுல்மா படித்துத் திருப்பித் தரும் புத்தகத்தில் பச்சைத் துளிகளும் எண்ணெய் விரல்களும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். வால்தெமார் ஒவ்வொரு முறையும் தலையில் கை வைத்துக்கொண்டு, மூத்த பெண்களுக்கு ஊரில் தருகிற மரியாதை மாறாமல் கேட்பார். "தோன்யா சுல்மா, நீங்க புத்தகத்தப் படிக்கிறீங்களா, தொட்டுக்கிட்டுச் சாப்பிடுறீங்களா?"

இந்த ஜூன் மாதம் நாலு நாள் விடாமல் மழை பெய்தது. அப்போது அவள் எடுத்துப்போனது நீல அட்டை போட்ட ஒரு புது நாவல். தூரதேசத்தில் மகள், ஊரில் தாய், இருவருக்கும் பேச்சு இல்லை. எண்பத்து மூன்றாம் பக்கத்தில் அந்தத் தாய் தொலைபேசியை எடுக்கிறாள். எண்களை ஒவ்வொன்றாக அழுத்துகிறாள். கடைசி எண்ணுக்கு முன்னால் வைத்துவிடுகிறாள்.

சுல்மா புத்தகத்தை மூடிவிட்டாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை.

அவளுக்கும் ஒரு மகள் இருக்கிறாள். பெயர் லோரெலி, ஸ்பெயினில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நாலு வருஷத்துக்கு முன் சுல்மாவின் கணவர் ருபென் இறந்தபோது லோரெலி வரவில்லை. அங்கே தங்குவதற்கான காகிதங்கள் அவளுக்கு இன்னும் கிடைத்திருக்கவில்லை. கிளம்பி வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அது சுல்மாவுக்கும் தெரியும். தெரிந்தும், அடக்கம் முடிந்த அன்று போனில், "நல்ல மகளா இருந்தா வந்திருப்பா" என்று சொல்லிவிட்டாள். லோரெலி போனை வைத்துவிட்டாள். அதோடு சரி. எத்தனையோ முறை சுல்மா அந்த எண்ணைப் பாதி வரை அழுத்திவிட்டு விட்டிருக்கிறாள். சொன்ன வாய் தன்னுடையது என்ற வெட்கம், எடுத்தால் என்ன சொல்வாளோ என்ற பயம். அவளுக்கு இருப்பது ஒரே பிள்ளை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிற நாள் வந்தது. சீட்டு இல்லாமல் சுல்மா புத்தகம் கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. வால்தெமார் பையைத் திறந்து பார்த்தார்.

"சீட்டு எங்க? இடுப்பு ஒடிஞ்சு படுத்திருக்கிற எலிதாவுக்கு ஒரு புத்தகம் கொண்டுபோகணும். சுல்மா நல்லாருக்குன்னு எழுதினதா பாத்து எடுத்துட்டு வாங்கன்னு உத்தரவு."

எலிதா அவளுடைய பள்ளிக்காலத்துத் தோழி. சுல்மா அங்கேயே மேசைமேல் குனிந்து எழுதினாள்: "முடிவு வரை படியுங்கள். அழுதாலும் மனசு ஆறும்." பன்னிரண்டு வருஷத்தில் அவள் எழுதிய முதல் பொய்.

மூன்று வாரம் கழித்து எலிதா கூப்பிட்டனுப்பினாள். சுல்மா ஒரு பொட்டலம் பிஸ்கோச்சோ பலகாரத்தோடு போனாள். எலிதா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் நீலப் புத்தகம். வா என்றுகூடச் சொல்லவில்லை.

"கடைசியில அந்தம்மா செத்துப்போறாடி. போன் பண்ணாமலே. ரெண்டு நாள் நான் இந்தக் கட்டில்ல கெடந்து அழுதேன். அழுதா இடுப்பு வேற வலிக்குது. இதுல எங்கடி மனசு ஆறுது?"

சுல்மா பொட்டலத்தைப் பிரிப்பதுபோலப் பாவனை செய்தாள்.

"இங்க பாரு" என்று எலிதா பக்கங்களைத் தள்ளினாள். "இது மத்தே. இது கொழுப்பு. இது என்னன்னே தெரியல. எண்பத்து மூணு வரைக்கும் ஒரு பக்கம் பாக்கியில்ல. எண்பத்து நாலுலேர்ந்து புத்தகம் இப்பத்தான் கடையிலேர்ந்து வந்த மாதிரி இருக்கு. கையக் கழுவிட்டுப் படிச்சேன்னு மட்டும் சொல்லாத, எனக்குச் சிரிப்பு வந்துரும்."

"படிக்கலடி" என்றாள் சுல்மா. "முடியல."

"முடியலன்னா முடியலன்னு எழுதறது. வேற எவ பொய் எழுதினாலும் எனக்கென்ன. உன் சீட்ட நம்பித்தானே நான் படிக்கிறேன்." பழைய சீட்டை எடுத்து அவள் எதிரிலேயே கிழித்துப் போட்டாள். புத்தகத்தை நீட்டினாள். "முடிச்சிட்டு வா. என்ன தோணுதோ அத எழுதிட்டு வா. அதுவரைக்கும் உன் பேச்சு எனக்கு வேண்டாம்."

இரண்டு காலைப்பொழுதில் சுல்மா மீதியைப் படித்து முடித்தாள். மத்தே ஆறிப்போனது. அந்தத் தாய் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து, போனைத் தலைமாட்டில் வைத்தபடியே செத்துப்போனாள். சுல்மாவுக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. எழுதியவர் எதிரே இருந்திருந்தால் குடுவையாலேயே ஒன்று போட்டிருப்பாள். ஒரு சீட்டு போதாமல் முன்னும் பின்னும் எழுதி, மறுநாள் எடுத்துக்கொண்டு போனாள்.

எலிதா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள்.

"முடிவு சரியில்லை. எழுதியவருக்குச் சோம்பல். அந்தத் தாய்க்குக் கை இருந்தது, போன் இருந்தது, எண் மனப்பாடம். மகள்மேல் ஒரு குற்றமும் இல்லை. காகிதம் இல்லாத பிள்ளை அப்பாவின் அடக்கத்துக்கு எப்படி வருவாள்? சுடுசொல் சொன்னவள் தாய். அவள்தான் முதலில் கூப்பிட வேண்டும். கூப்பிட வைக்காமல் அவளைச் சாகடித்தவரை நான் மன்னிக்க மாட்டேன்."

படித்துவிட்டு எலிதா கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு, குரலில் இருந்த கடுமையெல்லாம் போய், மெதுவாகக் கேட்டாள்.

"நாவல்ல ஏதுடி அடக்கம்? அந்தப் பொண்ணோட அப்பா உயிரோடதானே இருக்காரு, மீன் பிடிக்கப் போறாரு. பொண்ணு கனடாவுல நர்ஸு, காகிதமெல்லாம் சரியாத்தான் இருக்கு. சண்டை வீட்ட வித்ததுக்கு."

சுல்மா சீட்டை வாங்கிப் பார்த்தாள். தன் கையெழுத்துதான். மறுபடி பார்த்தாள். இத்தனை வருஷத்தில் கதையை மாற்றிச் சொன்னதே கிடையாது அவள். கண்ணீர் எழுத்தை மறைத்தது.

"இந்தச் சீட்டு இந்தப் புத்தகத்துக்கு இல்ல" என்று எலிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சரியாத்தான் எழுதியிருக்க. போய்க் கூப்பிடு."

"அவ போன எடுக்க மாட்டாடி."

"எடுக்கலன்னா நாளைக்கும் கூப்பிடு. உனக்கென்ன, வேல வெட்டியா இருக்கு?"

வீட்டுக்கு வந்த சுல்மாவுக்குக் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. மாவை எடுத்துப் பிசைந்தாள், தட்டினாள், நடுவில் ஓட்டை போட்டாள், கொழுப்பைக் காய வைத்தாள். வெளியே பளிச்சென்று வெயில். பக்கத்து வீட்டுக்காரி மதில்மேல் எட்டிப்பார்த்து, "தோன்யா சுல்மா, வானத்தப் பாத்தீங்களா இல்லையா?" என்று கேட்டுச் சிரித்தாள். சுல்மா சன்னலைச் சாத்தினாள். செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து, மாவுக் கையோடு எண்களை அழுத்தினாள். இந்த முறை கடைசி எண்ணையும் அழுத்தினாள்.

ஐந்தாவது மணியில் லோரெலி எடுத்தாள்.

"நான்தான்" என்றாள் சுல்மா. சட்டியில் தோர்த்தா பொரிகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சுல்மா கண்ணை மூடிக்கொண்டாள். வைத்துவிடுவாள், இதோ வைக்கப்போகிறாள் என்று நினைத்தாள்.

"அங்க மழையாம்மா?" என்றாள் லோரெலி.

சுல்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "இல்லடி. நல்ல வெயில். அன்னிக்கு நான் சொன்னது தப்பு. நீ நல்ல பொண்ணு. இதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"வெயில்ல எதுக்கும்மா பொரிக்கிற?"

"எதையாவது செய்யணும்போல இருந்துச்சு."

"எத்தன போட்டிருக்க?"

"பதினாலு."

"தனியா இருக்கிறவளுக்குப் பதினாலா?" லோரெலி அழுதுகொண்டே சிரித்தாள். "எனக்கு ஒண்ணு எடுத்து வை."

சுல்மா அலமாரியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்தாள். இருப்பதிலேயே நன்றாக உப்பியிருந்த ஒன்றை அதில் வைத்து, மேலே சர்க்கரை தூவினாள். லோரெலிக்குச் சர்க்கரை போட்டால்தான் இறங்கும்.

"வச்சிட்டேன்" என்றாள்.